ஒரே மதியத்தில் பிடித்த துரு

என் அத்தை புதுப் பொருள்களைப் பழசாக்கப் படித்துக்கொண்டிருந்த வருஷம் நான் நாலாம் வகுப்பில் இருந்தேன். அந்தப் படிப்பின் பெயர் அதுவல்ல. சினிமாவுக்கும் நாடகத்துக்கும் டிவி தொடர்களுக்கும் செட் போடுவது, அதற்கு வேண்டிய சாமான்களைச் செய்வது, உடைகளை வடிவமைப்பது எல்லாம் அதில் உண்டு. ஆனால் அத்தை சென்னையிலிருந்து விடுமுறைக்கு வரும்போது எங்கள் கண்ணில் பட்டது இந்த ஒன்றுதான். ஒரு அட்டைப் பெட்டியோடு அரை மணி நேரம் மெனக்கெட்டால் அது கருங்கல்லாகிவிடும். பிளாஸ்டிக் தம்ளரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவாள். பூட்டன் காலத்துப் பித்தளைத் தம்ளரோடு இறங்கி வருவாள்.

அப்பாவுக்கு இது விளங்கவேயில்லை. அவர் நாமக்கல்லில் லாரி பெயிண்டர். புறவழிச் சாலையோரத்தில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை ஒன்று இருந்தது. அதை ஒட்டி அவருடைய பெயிண்ட் கொட்டகை, கொட்டகைக்குப் பின்னால் எங்கள் வீடு. பத்து வருஷம் ஓடி அடிபட்டு வந்த வண்டிக்குப் பட்டி பார்த்து, தேய்த்து, மூன்று கோட்டு அடித்து, இரண்டு கிளிகளும் ஒரு தாமரையும் வரைந்து அவர் வெளியே விட்டால், ஓனருக்கே தன் வண்டி அடையாளம் தெரியாது. பழசைப் புதுசாக்கிப் பிழைக்கிற வீட்டிலிருந்து ஒருத்தி புதுசைப் பழசாக்குவதற்குப் பட்டணம் போய்ப் படிப்பதா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அத்தையைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தது அப்பாதான் என்பதால் அவளை யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஒரு வருஷம் படிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பி வைத்திருந்தார்.

அந்த ஒரு வருஷம் முடிந்துதான் அத்தை வந்திருந்தாள். அப்பா ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அவளாகக் கேட்பாள் என்று அவர் காத்திருந்தாரோ என்னவோ, சட்னி நன்றாக இருக்கிறது என்பதைத் தாண்டி அண்ணனும் தங்கையும் வேறு பேச்சே பேசிக்கொள்ளவில்லை. அத்தை திரும்பிப் போகாவிட்டால் எனக்கு ஒரு விதத்தில் லாபம்தான். ஆனால் அவள் கல்லூரியைப் பற்றிச் சொல்லும்போது அவள் முகம் இருந்த இருப்பைப் பார்த்து, அந்த லாபத்தை வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

வந்த முதல் வாரத்தில் அத்தை சமையலறை மூலையில் மழைத்தண்ணீர் கசிந்த கறை ஒன்றை உண்டாக்கினாள். டீத் தண்ணீரும் கொஞ்சம் சுண்ணாம்பும்தான். வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, கறைக்கு நேர் கீழே ஒரு போசியைக் கொண்டுவந்து வைத்தாள். அப்பா சிமெண்ட் கலந்து எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறி விரிசலைத் தேடினார். விஷயம் தெரிந்ததும் அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. இனிமேல் வீட்டுச் சுவரில் கை வைக்க வேண்டாம், கொட்டகைப் பக்கம் கழித்துப் போட்ட தகடு ஒன்று கிடக்கிறது, அதில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அத்தை பக்கத்தில்தான் நின்றாள்.

அத்தைக்கும் ஒரு இரும்புத் தகடு தேவையாகத்தான் இருந்தது. புத்தம் புதிய பொருள் ஒன்றை இருபது வருஷம் வெயிலிலும் மழையிலும் கிடந்ததுபோல் ஆக்க வேண்டும். நிஜமாகவே துருப்பிடித்த ஒன்றின் பக்கத்தில் அதை வைத்துப் படமெடுத்து அனுப்ப வேண்டும். எது நிஜம் என்று பார்க்கிறவர்கள் திணற வேண்டும். விடுமுறைக்கு அவளுக்குக் கொடுத்திருந்த வேலை அது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா பெயிண்ட் வாங்கச் சேலம் கிளம்பினார். போகும்போது என்னைக் கூப்பிட்டு, வேப்பமரத்தில் சாய்த்திருந்த தகட்டைக் காட்டி, அத்தைக்கு அதைக் கொடுக்கச் சொன்னார். அதன் ஒரு மூலை நசுங்கியிருந்தது. நடுவில் கீறல் வேறு. அத்தையோ புத்தம் புதுசு, புத்தம் புதுசு என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நசுங்கியது எப்படிப் புதுசாகும்? அப்பா விஷயம் தெரியாமல் சொல்லிவிட்டுப் போகிறார் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அத்தை வந்ததும் நேராகக் கொட்டகைக்குள் கூட்டிக்கொண்டு போய், சுவரோரம் நிறுத்தியிருந்த லாரிப் பின்கதவைக் காட்டினேன். பச்சைப் பெயிண்ட் அடித்து, காய்ந்து, முகம் பார்க்கலாம்போல மின்னிக்கொண்டிருந்தது.

அத்தை கொஞ்சம் தயங்கினாள்.

"இதையா அண்ணன் சொன்னாரு, சாமி? நல்லா இருக்குதே."

"இதைத்தானுங்கத்தை. பின்னாடி நசுங்கிப் போச்சாம், அதனால வேண்டாமாம்."

பின்பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது. எங்கள் இரண்டு பேராலும் அந்தக் கதவை அசைக்கக்கூட முடியவில்லை. அத்தை நம்பிவிட்டாள். பட்டறை ஆட்களுக்கும் அன்று விடுமுறை. வேறு யாரும் அங்கே இல்லை.

அந்த மதியத்தைப்போல் இன்னொன்று எனக்கு அமையவில்லை. செங்கல்லை நான் அம்மியில் பொடித்தேன். மரத்தூளும் டீத்தூளும் சலித்தேன். அத்தை வெள்ளைப் பசையைத் திட்டுத்திட்டாகப் பூசிக்கொண்டே போக, நான் பின்னாலேயே பொடியைத் தூவிக்கொண்டு போனேன். பிறகு அவள் கிழிந்த நுரைப்பஞ்சு ஒன்றைத் தண்ணீர்ச் சாயத்தில் தோய்த்து ஒற்றினாள். முதலில் கறுப்புக்குப் பக்கமான பழுப்பு, அதன்மேல் செம்பழுப்பு, ஓரங்களில் மட்டும் ஆரஞ்சு. போல்ட் ஒவ்வொன்றின் கீழேயும் சாயம் கலந்த தண்ணீரைச் சொட்டுவிட்டாள். அது தானாக ஒழுகி, எத்தனையோ மழை அந்த வழியாக இறங்கியதுபோல் கோடு போட்டது. நான்கு மணிக்கெல்லாம் கதவு அழுகிவிட்டது. தொட்டால் கையை அறுக்கும் என்று தோன்றியது. அதைச் செய்ததில் பாதி நான் என்பதையும் மறந்து, எட்டவே நின்றேன். அத்தை நிஜமாகவே துருப்பிடித்த ஒரு பழைய சங்கிலியைப் பக்கத்தில் தொங்கவிட்டு போனில் படம் எடுத்தாள். அப்புறம் ராசிபுரத்தில் இருக்கிற தன் பள்ளித் தோழியைப் பார்க்க பஸ் ஏறினாள். காலையில் வந்து கழுவிவிடுவதாகச் சொன்னாள். அப்பா இரவு நேரம் கழித்துத் திரும்பியதால் கொட்டகைப் பக்கம் போகவில்லை.

அந்தப் பின்கதவு பள்ளிபாளையத்துக்காரர் ஒருவருடைய புது லாரிக்கு உரியது. காகித மில்லுக்கு லோடு அடிக்க வாங்கிய வண்டி. திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குமேல் நல்ல நேரம் என்று அவர் தேங்காய், எலுமிச்சம்பழம், மாலை, மனைவி சகிதம் வருவதாக இருந்தார். அது எனக்குத் தெரியாது. வந்தவர் எட்டு மணிக்கே வந்துவிட்டார்.

சத்தம் கேட்டு நான் ஓடியபோது அவரும் அப்பாவும் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க பெயிண்டரே, இதையா எம்பட புது வண்டிக்கு மாட்டப் போறீங்க?" என்று அவர் கேட்டார். கோபத்தைவிட வருத்தம்தான் அதில் அதிகம் இருந்தது.

அப்பா கதவை நகத்தால் சுரண்டினார். நகக்கண்ணில் செந்தூள் ஏறியது. அதை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்துவிட்டு, கதவைத் திருடிவிட்டார்கள் என்றார். புதுக் கதவைத் தூக்கிக்கொண்டு போய், அதே அளவில் பழைய கதவைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அளவுகூட அச்சாக இருப்பதால், தெரிந்தவன் யாரோதான் செய்திருக்க வேண்டும் என்று விளக்கினார். பட்டறை ஆட்கள் இரண்டு பேரைப் பழைய இரும்புக் கடைகளுக்கு பைக்கில் விரட்டினார். அவர்கள் பச்சைக் கதவைத் தேடி ஊரையே சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

காத்திருந்த நேரத்தில் ஓனரும் அப்பாவும் அந்தத் துருவை ஆராய்ந்தார்கள். இது சாதாரண மழைத்துரு அல்ல, கடல்காற்று பட்ட துரு, தூத்துக்குடிப் பக்கம் ஓடிய வண்டி என்றார் ஓனர். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. கடல்காற்று என்றால் அடியிலிருந்துதான் தின்னும். இது மேலிருந்து இறங்கியிருக்கிறது, உப்பு மூட்டை ஏற்றியிருக்கிறார்கள் என்றார். ஓனர் யோசித்துவிட்டு, இருக்கலாம் என்றார். எத்தனை வருஷம் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போனது. இருபதுக்குக் குறையாது.

நான் அம்மாவிடம் போய் வயிற்றுவலி என்றேன். அவள் ஓமத்தண்ணீர் கொடுத்தாள். அடி விழும் என்ற பயம் பெரிதாக இல்லை. உண்மை தெரிந்தால் அப்பா அத்தையைத் திரும்பச் சென்னைக்கு அனுப்பவே மாட்டார் என்றுதான் பயந்தேன். ஓமத்தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடியும் கொட்டகைக்கே போய் நின்றேன். நிற்காமலும் இருக்க முடியவில்லை.

பத்து மணி பஸ்ஸில் அத்தை வந்தாள். தன் கதவைச் சுற்றி இத்தனை பேர் நிற்பதைப் பார்த்து, யாருடைய வண்டிக்கோ விபத்து என்று நினைத்து வேகமாக வந்தாள். ஓனர் அவளுக்கும் எல்லாவற்றையும் விவரித்தார்.

"உப்பு லோடுங்களா?" என்று அத்தை கேட்டாள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்கம்மிணி. இருபது வருஷத்து இரும்பு."

அவள் முகத்தில் எழுந்த சந்தோஷத்தை அவளால் மறைக்க முடியவில்லை. கல்லூரியில் யார் என்ன மதிப்பெண் போட்டிருந்தாலும் அந்த முகம் வந்திருக்காது. பிறகுதான் அப்பாவைப் பார்த்தாள். வாளித் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, கதவின் நடுவில் அழுத்தித் துடைத்தாள். பசை தோல்போல உரிந்து வந்தது. அடியில் பச்சை மின்னியது.

"இது நம்ம கதவுதானுங்ணா. நான் தப்பாப் பார்த்து எடுத்துட்டேன்."

அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பியிருந்தால் ஒருவேளை நான் சும்மா இருந்திருப்பேன். அவள் திரும்பாததால்தான் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நான்தானுங்கப்பா காட்டுனேன். நீங்க சொன்னது நசுங்கியிருந்துச்சு. அத்தைக்குப் புதுசு வேணும்னாங்க."

அப்பா என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், தன் நகத்தைப் பார்த்தார். முதலில் சிரித்தது ஓனரின் மனைவிதான். கடல்காற்றாம், தூத்துக்குடியாம் என்று அவர் புருஷனைப் பார்த்துச் சொல்ல, ஓனரும் வயிறு குலுங்கச் சிரித்தார். பட்டறை ஆட்கள், அம்மா, எல்லோரும் சேர்ந்து கதவைக் கழுவினார்கள். வெயிலில் பத்து நிமிஷத்தில் காய்ந்துவிட்டது. அப்பா நல்ல நேரம் முடிவதற்குள் கிளிகளையும் தாமரையையும் வரைந்து முடித்தார். எங்கும் கோடு நடுங்கவில்லை.

கிளம்பும்போது ஓனர் அத்தையைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அம்மிணி, புது வண்டி, கண்ணு பட்டுரும். கீழ் மூலையில ஒரு கையகலத்துக்கு அந்தத் துருவை வெச்சு உடுங்க."

திருஷ்டிப் பொட்டாக ஒரு கையகலத் துருவோடு அந்த லாரி பள்ளிபாளையம் போனது.

அப்பா அத்தையை என்ன செய்யப்போகிறார் என்பது அன்று மதியம் தெரிந்தது. வேப்பமரத்தடித் தகட்டை அப்பாவே இழுத்துக்கொண்டு வந்து கொட்டகை நடுவில் நிறுத்தினார். ஒரு பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"இன்னொருக்கா பண்ணு. மொதல்ல இருந்து. நான் பார்க்கோணும்."

எங்கள் வகுப்பில் தப்பு செய்தால் அதே பாடத்தைத் திரும்பத் திரும்ப எழுத வைப்பார்கள். இம்போசிஷன் என்று பெயர். அத்தைக்கு அப்பா கொடுத்ததும் அதுதான் என்று எனக்குப் புரிந்தது. தப்பு என்னுடையது, எழுதுவது அவள். அழுகையை அடக்கிக்கொண்டு செங்கல்லைப் பொடித்துக் கொடுத்தேன். அப்பா விடவில்லை. இது எதற்கு, அதற்கு முன்னால் ஏன் இது, போல்ட்டுக்குக் கீழே மட்டும் ஏன் கோடு என்று ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்டார். அத்தை தாழ்ந்த குரலில் பதில் சொன்னாள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. ஒரு கட்டத்தில் அப்பா கையை நீட்டி அவளிடமிருந்து பஞ்சைப் பிடுங்கினார். அடிக்கத்தான் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்து பார்த்தபோது அவர் தகட்டில் ஒற்றிக்கொண்டிருந்தார். இப்படி இல்லீங்ணா, ஓரத்துல அழுத்தோணும் என்று அத்தை சொன்னாள். அவர் அதைத் துடைத்துவிட்டு மறுபடி ஒற்றினார். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு முறை ஒற்றச் சொன்னாள்.

அடுத்த வாரம் அத்தையைச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட அப்பாதான் போனார். யாரையும் தொடவிடாத அவருடைய மெல்லிய கோடு போடுகிற பிரஷ் இரண்டு அவள் பையில் இருந்தன. திருடிக்கொண்டு போகிறாளோ என்று நினைத்து நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. பள்ளி திறந்ததும் என் சிநேகிதியிடம் மட்டும் அந்தத் தண்டனையைப் பற்றிச் சொன்னேன். அத்தை எழுத வேண்டிய இம்போசிஷனில் பாதியை அப்பா ஏன் எழுதினார் என்று அவள் கேட்டாள். எனக்கும் அது தெரியவில்லை.