குருத்தோலைப் பாவாடை

பிள்ளைகளா, உங்கள் அத்தை மெட்ராசுக்குப் படிக்கப் போன கதையை நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

அப்போது அவள் சின்னமனூரில் தையல் வகுப்பு முடிக்கும் சமயம். மற்றப் பெண்கள் ஜாக்கெட்டும் கவுனும் தைத்தார்கள். இவளுக்குப் புதுத் துணியே ஆகாது. ஏலக்காய்ச் சாக்கைப் பிரித்துச் சட்டை தைப்பாள். யூரியா சாக்கை மடித்து மடித்து விசிறி மாதிரி கை வைப்பாள். ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற ஒருவரின் பழைய வேட்டி, மயில்துத்தம் தெறித்துத் தெறித்து நீலம் பாரித்துக் கிடந்தது. அதை அவரிடம் கேட்டு வாங்கிவந்து கவுன் ஆக்கினாள். இலவங்காய் ஓட்டை அறுத்து அதற்குப் பொத்தான் வைத்தாள்.

மெட்ராசில் உடை வடிவமைக்கச் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. எங்கள் அய்யா, அதாவது உங்கள் தாத்தா, அசையவில்லை.

“சாக்க மாட்டிக்கிட்டு நடக்குறதுக்கு எதுக்குத்தா படிப்பு? நம்ம வண்டி மாடு மழைக்குச் சாக்கப் போத்திக்கிட்டு நடக்குது. அது எந்த ஊருல படிச்சுச்சு?”

“நீங்க ஒருக்கா வந்து பாருங்கய்யா. ஆண்டு விழாவுல நாங்க போட்டு நடக்கப் போறோம்.”

அய்யா யோசித்துவிட்டுச் சொன்னார். “வாரேன். சனம் சிரிக்காமப் பாத்துச்சுன்னா நீ மெட்ராசுக்குப் போ. சிரிச்சாகன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.”

விழா ரைஸ்மில் களத்தில் நடந்தது. நெல் மூட்டைகளை இரண்டு வரிசையாக நீளத்துக்கு அடுக்கி, மேலே பலகை போட்டுத் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். அதில்தான் நடக்க வேண்டும். கூடப் படித்த பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஏலக்காய்ச் சட்டை வாசத்தோடு வந்தது. நீலக் கவுன் வந்தபோது, வேட்டிக்குச் சொந்தக்காரர், “ஏலே, அது என் வேட்டிடா!” என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். ஆனால் பெருமையாகத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. நான் அய்யாவைப் பார்த்தேன். துண்டை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

கடைசியாக உங்கள் அத்தையே வந்தாள். பாவாடைக்கு மேலே இன்னொரு பாவாடையாகத் தென்னங்குருத்தோலை. அதில் தோரணத்துக்குப் பின்னுகிற ஓலைக் குருவிகள். பின்னிக் கொடுத்தது நான். கட்டினது அவள். நடக்கும்போது ஆட வேண்டும் என்று குருவிகளைக் காலடியில் வரும்படி விட்டிருந்தாள். அத்தனை குருவியும் தலைகீழாகத் தொங்கியது.

உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கல்யாண வீட்டுத் தோரணத்தில் குருவி தலை நிமிர்ந்து இருக்கும். சாவு வீட்டில்தான் தலை கீழே பார்க்கும். தோரணம் கட்டுவது எங்கள் பக்கம் ஆம்பளை வேலை. அவள் ஒருநாளும் கட்டினதில்லை.

களத்தில் பேச்சுமூச்சு இல்லை. முன்வரிசையில் இருந்த ஒரு கிழவி மட்டும் வாய்விட்டாள்: “ஆத்தி! கேத வீட்டுக்குக் கட்டுறதையில்ல இந்தப் புள்ள இடுப்புல கட்டிருக்கு!” இரண்டு பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எழுந்தார்கள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நடுவில் நின்றுவிட்டாள்.

நான் கத்தினேன்: “ஏத்தா, குருவி தலகீழாத் தொங்குது!”

குனிந்து பார்த்தாள். முகம் செத்துப்போனது. உள்ளே ஓடிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஓடவில்லை. அங்கனேயே இடுப்புக் கயிற்றை அவிழ்த்தாள். ஓலையை அப்படியே தலைமாற்றினாள். கழுத்தில் எப்போதும் கிடக்கிற இஞ்சு டேப்பை உருவி, குருவிகள் இடுப்பில் நிமிர்ந்து நிற்கும்படி சுற்றி இறுக்கி முடிந்தாள். ஓலை வால்கள் கால் வரைக்கும் விழுந்தன.

அதே கிழவி, “இப்பச் சரி. பந்தக்கால் கணக்கா நிக்கிறா. மாப்பிள்ள எங்கத்தா, வந்துட்டாகளா?” என்றாள்.

களமே சிரித்தது. எழுந்தவர்களும் உட்கார்ந்து சிரித்தார்கள். இவளும் சிரித்துக்கொண்டே கடைசி வரை நடந்து திரும்பினாள். எனக்குத்தான் அய்யா சொன்னது ஞாபகம் வந்தது. மெட்ராஸ் போச்சு.

வீட்டுக்கு வருகிற வழியில் அய்யா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். கடைசியில் அவளே கேட்டாள்.

“சனம் சிரிச்சிருச்சுல்லய்யா?”

“சிரிச்சாக. அதுக்கு முன்னாடி சத்தமில்லாம இருந்தாகளே, அப்ப எனக்கு ஈரக்கொல நடுங்கிப்போச்சு. எம்புள்ள கேதத் தோரணத்தக் கட்டிக்கிட்டு ஒத்தையில நிக்கிறா. அவுக சிரிச்ச பெறகுதேன் எனக்கு உசுரு வந்துச்சு.”

கொஞ்ச தூரம் போனபிறகு என்னைப் பார்த்து, “ஏலே, நாளைக்கு ஒரு டிரங்குப் பெட்டி பாத்துட்டு வா. பூட்டு நல்லா இருக்கணும்” என்றார். பிறகு அவளிடம், “அங்கன போயி எதையும் தலகீழாக் கட்டிப்புடாதத்தா. சொல்லிக் குடுக்க அங்கன அந்தக் கிழவி இருக்க மாட்டா” என்றார்.