கண்ணுக்குக் கீழே ஒரு சுழி

துரைமார் வீட்டு நாய்களின் பெயரெல்லாம் எனக்கு அத்துப்படி. என் பெயர் அந்தத் துரைமாரில் ஒருவருக்கும் தெரியாது. தங்கவயலில் நான் நாய்க்கும் குதிரைக்கும் படம் பிடித்துப் பிழைத்தவன். துரைசானிகளைப் படம் பிடிக்கப் பெங்களூரிலிருந்து வெள்ளைக்காரப் படக்காரர் வருவார். நாய்க்கு நான் போதும் என்று விட்டிருந்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. என் மூக்கு இப்படியா இருக்கிறது என்று எந்த நாயும் வந்து கேட்டதில்லை.

ஆனால் வேலை சுலபமில்லை. ஸ்டாம்ப் மில் ஓயாமல் கல்லை இடித்துக்கொண்டிருக்கும். அந்த அதிர்வு தரை வழியாக முக்காலியில் ஏறி, கண்ணாடித் தகட்டில் விழும் உருவத்தைக் கலைத்துவிடும். அதற்காக முக்காலியின் ஒவ்வொரு காலுக்கும் கீழே கோணியை மடித்துப் போடுவேன். குதிரை என்றால் நான்கு காலும் தெரிய வேண்டும், காது இரண்டும் முன்னால் நிமிர்ந்து நிற்க வேண்டும். காது படுத்திருந்தால் துரை படத்தை வாங்கமாட்டார். தகர டப்பாவில் கொள்ளுப் போட்டு ஒரு ஆட்டு ஆட்டினால் குதிரை காதைத் தூக்கும். அந்த நேரம் பார்த்து லென்ஸ் மூடியைக் கழற்றி மாட்டிவிட வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் கெட்டது, பிந்தினாலும் கெட்டது.

என் அண்ணன் சாம்பியன் ரீப்ஸில் ஒரு சுரங்கத் துரையிடம் குதிரைக்காரனாக இருந்தான். வடாற்காட்டிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வந்தோம். அவனுக்குச் சுரங்கக் குழிக்குள், ஷாப்டில் இறங்கப் பயம். ஆட்களை உள்ளே இறக்கும் கேஜ் கதவைப் பார்த்தாலே முகம் வெளுத்துவிடும். துரையிடம் செவலைக் குதிரை ஒன்று இருந்ததால்தான் அவன் பூமிக்கு மேலே சம்பாதித்துக்கொண்டிருந்தான். குதிரை மேல் அவனுக்கு இருந்த பிரியத்தை அண்ணியே கேலி செய்வாள்.

ஒருநாள் அந்தத் துரை குதிரையைப் படம் பிடிக்க என்னைக் கூப்பிட்டார். அண்ணன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றான். நான் டப்பாவைச் சீக்கிரம் ஆட்டிவிட்டேன். மூடியைக் கழற்றுவதற்குள் குதிரை கொள்ளுக்காக ஓரடி முன்னால் வைத்துவிட்டது. தகடு வீண். துரை கையிலிருந்த சாட்டையால் அண்ணன் முகத்தில் ஒரு வீச்சு வீசினார். காதிலிருந்து தாடை வரை கோடு எழும்பி ரத்தம் கசிந்தது.

தப்பு என்னுடையது. டப்பா என் கையில்தான் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. கருப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு அடுத்த தகட்டுக்குத் தயாராகிறவன் போல நின்றேன். திரும்பும்போது அண்ணனிடம் வலிக்கிறதா என்று கேட்டேன்.

"உட்றா. குதிரைக்குத் தண்ணி காட்ட நேரமாச்சு" என்றான்.

அவன் விட்டுவிட்டான். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. என்மேல் இருந்த வெட்கத்தையும் சேர்த்து அந்தத் துரையின் தலையிலேயே ஏற்றினேன். இந்த மனுஷனை ஒரு நாள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவைத்துப் பார்க்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டு திரிந்தேன்.

சில மாதம் கழித்துத் துரை சீமைக்கே திரும்பிப் போகிறார் என்று பேச்சு வந்தது. குதிரையை வாங்க வடாற்காட்டுப் பக்கத்து ஜமீன்தார் ஒருவர் சம்மதித்தார். ஆனால் இரண்டு விலாவும் முகமும் தெரியப் படம் அனுப்பினால்தான் முடிவு சொல்வேன் என்று எழுதியிருந்தார். ஏன் என்று துரைக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. துரைமார் பல்லையும் காலையும் பார்த்துக் குதிரை வாங்குவார்கள். நம் ஆட்கள் முதலில் பார்ப்பது சுழி. மயிர் எந்த இடத்தில் சுழித்திருக்கிறது என்பதில் வீட்டின் நல்லது கெட்டது எல்லாம் இருக்கிறது. கண்ணுக்குக் கீழே இருந்தால் அது கண்ணீர்ச் சுழி. அப்படிப்பட்ட குதிரையைக் கட்டிய வீட்டில் அழுகை ஓயாது என்பார்கள். சும்மா கொடுத்தாலும் யாரும் வாங்கமாட்டார்கள்.

முகத்தை நன்றாகவே பிடித்தேன். ஆண்டர்சன்பேட்டையில் இருந்த என் கடைக்குத் தகட்டைக் கொண்டுவந்து, கழுவிக் காயவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு ஊசியை எடுத்தேன். தகட்டில் சுரண்டிய இடம் காகிதத்தில் கருப்பாக விழும். இடது கண்ணுக்குக் கீழே ஒவ்வொரு மயிராகச் சுரண்டிச் சுழற்றினேன். ஒரு பகல் பிடித்தது. என் கைவேலையிலேயே அதைவிட நேர்த்தியானது கிடையாது. சொல்ல எனக்கு வெட்கமில்லை. துரை படத்தை வாங்கிக் காது நிமிர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். நிமிர்ந்திருந்தது. தன் கையாலேயே உறையில் போட்டு ஒட்டினார்.

கண்ணுக்குக் கீழே சுழி இருக்கிறது, வேண்டாம் என்று ஜமீனிலிருந்து பதில் வந்தது. துரையிடம் எழுத்து வேலை பார்த்த ரைட்டர் அதைப் படித்துச் சொல்ல, துரை சிரித்துவிட்டு, பிறகு கோபப்பட்டு, சுழி என்றால் என்ன என்று அண்ணனைக் கேட்டாராம். தெரியாது என்று சொல்லிவிட்டு அண்ணன் நேரே என் கடைக்கு வந்தான்.

"அதுக்குக் கண்ணுக்குக் கீழ சுழி எங்கடா கீது?"

"படத்துல கீதே, பாக்கலியா?"

"தெனம் நான் தொடைக்கிற மூஞ்சிடா அது. இன்னா வேல பண்ணி வெச்சிருக்க?"

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "உன்ன அடிச்சவன் விக்க முடியாம நிக்கிறான் இல்ல, நிக்கட்டும்" என்றேன்.

அண்ணன் சிரிக்கவில்லை. "ஜமீன் ஆளு குதிரையோட என்னையும் வரச் சொல்லிக்கீறாருடா. அங்கயே வேல, அங்கயே வீடு. நீ வேற படம் போட்டு அனுப்பு. தப்பா பூடுச்சுன்னு ஒரு வரி எழுது."

அது எனக்குத் தெரியாது. கேட்டதும் ஒரு கணம் ஆடித்தான் போனேன். ஆனால் துரை கையைப் பிசைந்து நிற்கும் காட்சியை இவ்வளவு நாள் காத்திருந்து இப்போதுதான் பார்க்கிறேன். அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ஜட்கா வண்டிக்காரனுக்கு அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டுப் போகட்டும், உனக்கு வேறு துரை கிடைப்பான் என்று சொன்னேன். அண்ணன் எழுந்து போனான். என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் குதிரையும் வேலையும் அவனுக்கு மிஞ்சியிருக்கும். அவன் வாயைத் திறக்கவில்லை. நான் வேறு படம் அனுப்பவில்லை. அந்த நாட்களில் நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

பிறகு துரை மறுபடி ஆள் அனுப்பினார். கடைசியாக ஒரு படம் வேண்டுமாம். பங்களா வாசலில் அண்ணன் என்னை நிறுத்தினான்.

"நாளைக்குக் காலைல சுடப் போறாரு" என்றான்.

தன் குதிரை ஜட்கா இழுத்துச் சாவதைவிடத் தன் கையால் சுடுவதே மேல் என்று துரை முடிவு செய்துவிட்டார். சீமைக்குப் போகிறவர்கள் நாயை அப்படிச் செய்துவிட்டுப் போவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த நாய்களில் சிலவற்றை நானே படம் பிடித்திருக்கிறேன். குதிரைக்கும் அதுதான் கதி என்பது என் புத்திக்கு எட்டவில்லை. உடனே ஜமீனுக்குத் தந்தி கொடுக்கிறேன் என்றேன்.

"அவங்க வேற குதிர வாங்கியாச்சுடா. நீ படத்தப் புடி" என்றான் அண்ணன்.

குதிரையைக் குளிப்பாட்டித் தேய்த்துக் கொண்டுவந்து நிறுத்தினான். வழக்கம்போலக் கயிற்றை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கப் போனவனை, துரை கிட்டே போய் நிற்கச் சொன்னார். நான் பிடித்த படம் எதிலும் அதுவரை அண்ணன் இருந்ததில்லை. தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, ஒரு கையைக் குதிரையின் கழுத்தில் வைத்துக்கொண்டு நின்றான். டப்பாவை நான் எடுக்கவே இல்லை. அவன் ஏதோ முணுமுணுத்தான், குதிரை தானே காதை நிமிர்த்தியது.

இருட்டறையில் மருந்தில் போட்டதும் உருவம் துளி ஆட்டமில்லாமல் எழுந்து வந்தது. அதைப் பார்த்து அழுதிருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். அடித்ததும் அந்தத் துரை, சுடப் போவதும் அவன். இந்தப் படத்தைச் சீமையில் சுவரில் மாட்டிவைத்து, வருகிறவர்களிடம் என் குதிரை என் குதிரை என்று பெருமூச்சு விடுவானா? வெந்நீரை ஊற்றிக் கத்தியால் அந்தத் தகட்டை வழித்தேன். ஒரு பொட்டு விடாமல் வழித்தேன்.

மறுநாள் குதிரையைப் புதைத்த பிறகு துரையிடம் போய், தகடு கெட்டுவிட்டது, படம் இல்லை என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. மோவாய் நடுங்கியது, முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆசை தீரப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த மனுஷன் மேல் எனக்கு இன்றைக்கும் இரக்கம் கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கடைக்கு வந்தான். மறுநாள் முதல் ஷிப்டுக்கு ஷாப்டில் பேர் கொடுத்திருந்தான்.

"தகடு கெட்டுப் பூடுச்சுன்னு துரைகிட்ட நீ சொன்னது பொய்னு தெரியும். அது போவட்டும். அந்தப் படம் எனக்கு ஒண்ணு போட்டுக் குடு. உள்ள எறங்கும்போது மடியில வெச்சிக்கிறேன்."

இவனிடம் நான் பொய் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து நான் வழித்து வைத்திருந்த வெறும் கண்ணாடித் தகட்டை எடுத்து நீட்டினேன். வாங்கி, வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான்.

"நானும்தானேடா அதுல நின்னுக்கினு இருந்தேன்" என்றான்.