மழை நிறுத்துபவரின் மனைவி

மலேசியாவின் தைப்பிங் ஊரில் மழை வருமா என்று யாரும் கேட்பதில்லை. எப்போது வரும் என்றுதான் கேட்பார்கள். அதற்கும் பந்தயம் உண்டு. தோற்றவர் காப்பி வாங்கித் தர வேண்டும்.

இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊரிலேயே நனைந்து வளர்ந்த செலாசியா, வெளியூர்க்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டிப் பிழைப்பவள். மியூசியத்தில் யானையின் எலும்புக்கூடு, போரில் செத்தவர்களின் கல்லறைத் தோட்டம், ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்று உண்டான ஏரி, அந்த ஏரியைத் தொட்டுவிடும் ஆசையில் சாலைக்கு மேலாகக் கை நீட்டிக் கிடக்கும் தூங்குமூஞ்சி மரங்கள், எல்லாம் காட்டுவாள். ஆனால் உச்சக்கட்டம் மழைதான். மாலையில் ஏரிக்கரை மண்டபத்தில் ஆட்களை நிறுத்தி, ஆளுக்கொரு சூடான வாழைப்பழ பஜ்ஜியைக் கையில் கொடுத்து, "இப்ப மேல பாருங்க" என்பாள். சொல்லி வைத்தாற்போல் கொட்டும். கூட்டம் கைதட்டும். தானே பெய்ததுபோல் செலாசியா தலை தாழ்த்தி ஏற்றுக்கொள்வாள்.

அவள் கணவர் ஜம்ஹூர் இதற்கு நேர் எதிர்க்கட்சி. ரயில் நிலையத்தில் சிவப்புக் கொடி காட்டி ஓய்வு பெற்றவர். அத்தனை பெரிய ரயிலை நிறுத்தியவருக்கு மழை எம்மாத்திரம் என்று தோன்றியதில் தவறில்லை. கல்யாண வீடுகளில் மழையை நிறுத்தும் வேலையை ஏற்றுக்கொண்டார். சிவப்பு மிளகாயையும் சின்ன வெங்காயத்தையும் தென்னை ஈர்க்கில் கோத்து, பந்தல் மூலையில் குத்தி, கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பார். பிறகு மழை வரும். ஒருமுறைகூட வராமல் இருந்ததில்லை. இருந்தும் ஊரில் அவரைக் கூப்பிடாமல் கல்யாணம் நடக்காது. நனைந்த பிறகு திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டுமே!

அந்தச் சனிக்கிழமை, சுற்றுலா அலுவலகத்திலிருந்து ஹஸ்லிண்டா என்ற அதிகாரி வந்திருந்தாள். செலாசியாவின் 'மழைச் சுற்றுலா'வை அரசாங்கப் பட்டியலில் சேர்க்கலாமா வேண்டாமா என்று அவள்தான் சொல்ல வேண்டும். சேர்த்தால் வருடம் முழுக்க ஆள் வரும். சேர்க்காவிட்டால் செலாசியா தன் தங்கையின் துணிக்கடையில் போய் உட்கார வேண்டும். தங்கையின் வாய் அப்படிப்பட்ட வாய்.

யானை எலும்புக்கூட்டை ஹஸ்லிண்டா கொட்டாவியோடு பார்த்தாள். கல்லறைத் தோட்டத்தில் போனைப் பார்த்தாள். மண்டபத்துக்கு வந்தபோது வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. மழைக்கு முன்பே இலையை மடக்கிக்கொள்ளும் தூங்குமூஞ்சி மரங்கள் அன்று இலையை அகல விரித்து வைத்திருந்தன.

"மழை எங்க அக்கா?" என்றாள் ஹஸ்லிண்டா, ஆறிப்போன பஜ்ஜியைக் கடித்தபடி.

"வழியில இருக்கும்மா."

எதிர்க் காப்பிக்கடைச் சீனர் சின் ஹோய் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "அக்கா, இன்னைக்கு உன் வீட்டுக்காரர் பக்கத்து ஊரு கமுந்திங்ல கல்யாணத்துல! ஊரே பேசுது, வாழ்க்கையில முதல் தடவையா மனுஷன் ஜெயிச்சிட்டாராம்!"

 செலாசியா தூணுக்குப் பின்னால் போய், 'அபாங்' என்று அவள் கூப்பிடும் கணவருக்குப் போன் போட்டாள்.

"அபாங், நிறுத்தினது போதும், அவுத்து விடுங்க!"

"என்ன பேச்சு பேசற? பொண்ணோட அப்பா என் கையப் புடிச்சு அழுவுறாரு. காய்ஞ்ச தரையில நான் பாத்த முதல் கல்யாணம் செலாசியா!"

"இங்க என் பொழப்பு காயுது!"

 மறுமுனையில் குரல் தணிந்து வந்தது.

"ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. மிளகாய வீட்லயே மறந்துட்டேன். இன்னைக்கு நான் ஒண்ணுமே செய்யல."

செலாசியா சிரிக்கவில்லை. அவள் மூளையில் பளிச்சென்று ஒன்று மின்னியது.

"அங்க சாப்பாடு ஆச்சா?"

"ஆச்சு. பொண்ணு மாப்பிள்ளை உள்ள போயாச்சு. பானை கழுவுறாங்க."

"அப்ப சமையல்காரங்ககிட்ட மிளகாய் வாங்கி உடனே குத்துங்க. எப்பவும் போல முழு மனசோட மழைய நிறுத்துங்க."

ஜம்ஹூருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. "ஏண்டி, நான் நிறுத்தினா மழை வரும்ங்கிறியா?"

"வராதுன்னு நீங்கதான் சொல்றீங்க. அப்ப என்ன பயம்? செஞ்சு காட்டுங்க, பாப்போம்."

ரயிலை நிறுத்திய மனிதர். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. போனை வைத்தார்.

செலாசியா மண்டபத்துக்குத் திரும்பினாள். ஹஸ்லிண்டா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். "பரவாயில்ல அக்கா, யானை நல்லா இருந்துச்சு."

"ஒரு பஜ்ஜி சாப்பிட்டுட்டுப் போம்மா. சூடா வருது."

இரண்டாவது பஜ்ஜி பாதி தீர்ந்தபோது ஏரிக்குப் பின்னால் இருந்த மலையின் உச்சி காணாமல் போனது. மரங்களில் இலைகள் ஒவ்வொன்றாக மடங்கின. சின் ஹோய் கடை நாற்காலிகளை அவசரமாக உள்ளே இழுத்தார். செலாசியா தொண்டையைச் செருமிக்கொண்டு, "இப்ப மேல பாருங்க" என்றாள்.

அன்று பெய்ததுபோல் அந்த ஊரிலேயே பெய்ததில்லை என்றால், அந்த ஊரைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. எதிரே இருந்த ஏரி தெரியவில்லை. சாரல் பக்கவாட்டில் வந்து ஹஸ்லிண்டாவின் முக்காட்டை முறுக்கிப் பிழிந்தது. அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குழந்தைபோல் கத்தினாள். "அக்கா, இது எப்படி?"

"எங்க வீட்டுத் தொழில்மா" என்றாள் செலாசியா.

பட்டியலில் இடம் உறுதி என்று ஹஸ்லிண்டா தும்மலுக்கு நடுவே வாக்குக் கொடுத்துவிட்டுப் போனாள்.

கல்யாண வீட்டிலும் யாரும் திட்டவில்லை. கடைசி விருந்தாளி ஏப்பம் விடும்வரை மழையைக் கட்டி வைத்திருந்தாராம் ஜம்ஹூர். பெண்ணின் அப்பா தேங்காய்ப்பாலில் சுண்டவைத்த 'ரெண்டாங்' கறி ஒரு பானையும் குடையும் கொடுத்து அனுப்பினார். ஜம்ஹூர் வீட்டுக்கு வந்தபோது கறியில் பாதி மழைத் தண்ணீர்.

செலாசியா துண்டை நீட்டினாள். "சபாஷ் அபாங்!"

அவர் தலையைத் துவட்டியபடி யோசனையாகச் சொன்னார். "மிளகா சரியில்ல. சிவப்பு பத்தல."

"சரிதான். இனிமே எப்பவும் அந்த மிளகாதான் வாங்கணும்."