டுசல்டோர்ஃபில் மூங்கில் குருத்தும் மச்சம் என்ற சொல்லும்

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை அம்மாவும் நானும் பீலெஃபெல்டிலிருந்து டுசல்டோர்ஃபுக்குப் போனோம். அங்கே ஒரு இசகாயாவில் அப்பா பதினாறு வருடம் சமைத்தார். இசகாயா என்றால் குடித்தபடி சின்னச் சின்னத் தட்டுகளில் சாப்பிடும் ஜப்பானியக் கடை. கிழமை நாட்களில் அங்கேயே அறையெடுத்துத் தங்கி, ஞாயிறுகளில் வீட்டுக்கு வருவார். அவர் இறந்து இருபது நாள். அவருடைய அலுமாரியைக் காலிசெய்து தரக் கேட்டிருந்தார்கள்.

சாதாரண ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணிநேரம். மாதச் சீட்டு உள்ளவர்களுக்குத் தனிச் செலவில்லை. நிலையத்திலிருந்து நடை எட்டு நிமிடம், அன்று முழுக்க மழையில். கடை மாலை ஐந்தரைக்குத் திறக்கும். அலுமாரியில் ஒரு சோடிச் சப்பாத்து, ஒரு குடை, வேலைக்குப் போடும் ஒரு சேட்டு. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார் முதலாளி.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை நாங்கள் மச்சம், அதாவது மீன், இறைச்சி, முட்டை எதுவும் சாப்பிடுவதில்லை. "மச்சம் இல்லாததாக் கேள்," என்றார் அம்மா. பரிமாறும் பெண்ணிடம், இறைச்சிக்கான ஜெர்மன் சொல்லைப் போட்டு, 'ஃப்ளைஷ்' இல்லாத பருவகால உணவு கேட்டேன். மூங்கில் குருத்தும் கடற்பாசியும் சாற்றில் அவித்த கிண்ணம் வந்தது, 9.50 யூரோ. வசந்தத்தில் சில வாரங்களுக்குத்தான் கிடைக்குமாம்.

மூன்று கிழமையாக இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடாத அம்மா குருத்தைக் கடித்து, "வாழைத்தண்டு மாதிரிக் கிடக்கு," என்றார். அவர் இரண்டாவது துண்டை எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஜெர்மன்காரருக்கு மீன் 'ஃப்ளைஷ்' அல்ல. ஜப்பானியச் சாற்றுக்கு மீன்தான் அடிப்படை என்று படித்தும் இருக்கிறேன். சொல்ல வாயெடுத்தேன். அம்மா மூன்றாவது துண்டை எடுத்தார். கிண்ணத்தை அவர் பக்கமாக நகர்த்தினேன்.

அப்பாவோடு வேலைசெய்த யோகன் அண்ணை அடுப்படியிலிருந்து வந்து கிண்ணத்தைக் காட்டினார். "உந்தத் தண்ணி வடிக்க அண்ணைதான் எனக்குப் பழக்கினவர், அக்கா. மாசிக் கருவாட்டைச் சீவிப் போட்டு, கொதிக்க விடாமல் வடிக்கோணும். அவசரப்பட்டா, 'உனக்கென்ன ரயிலோ போகுது' எண்டு ஏசுவார்."

நான் குனிந்துகொண்டேன். அம்மா அவரிடம் கேட்டார், "அவர் வடிச்சது ஏதும் மிச்சம் கிடக்கோ?"

"இல்லை அக்கா. ஒவ்வொரு நாளும் புதுசா வடிக்கிறது."

அம்மா கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

ரயில் டோர்ட்முண்டைத் தாண்டியதும் அம்மா கேட்டார்.

"உனக்குத் தெரியுமோ?"

"ஓம். ரெண்டாவது துண்டிலை."

"எனக்கு முதல் வாயிலையே தெரியும். எத்தினை ஞாயிறு அவற்ற சேட்டிலை அந்த மணத்தைத் தோய்ச்சனான்."

விரதக்காரர் யாராவது போவதானால்: மச்சம் என்பதற்கு ஜெர்மனில் ஒரே சொல் இல்லை. இறைச்சி, மீன், முட்டை, மீன்சாறு என்று நாலாகப் பிரித்துக் கேளுங்கள். கேட்காமலே மேசைக்கு வரும் சிறு கிண்ணத்துக்கு ஆளுக்கு மூன்று யூரோ. ஆறு மணிக்கு முன் போனால் இடம் கிடைக்கும்.

அந்தியேட்டி முடிந்துவிட்டது. அலுமாரியிலிருந்து எடுத்த சேட்டை அம்மா இன்னும் தோய்க்கவில்லை.