பதிவாகிவிட்டது

குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு மோகனா மாடிக்கு ஓடுகிறாள். மடிக்கணினியில் ஒரு பக்கத்தைத் தட்டிவிட்டு, அது திறப்பதற்குள் துணிகளை வாஷிங் மெஷினில் திணிக்கிறாள். விசில் கேட்டால்தான் கீழே இறங்குவாள். ஆம்பூரில் அவள் எதற்காவது கைகட்டி நின்றதைப் பார்த்தவர் இல்லை. "சும்மா இன்னாத்துக்கு நிக்கணும்? பேஜாரு" என்பாள்.

அவள் எழுதும் வலைச் செயலிகளுக்கும் இதே குணம்தான். ஒரு வேலைக்குப் பதில் வரும்வரை சும்மா இருக்காமல் அடுத்த ஆளைக் கவனிக்கும். பதில் வந்ததும் விட்ட இடத்துக்குத் திரும்பும். அசின்க் என்பார்கள். ஷூ கம்பெனி ஒன்றுக்கு லீவு சொல்லும் செயலியை அப்படித்தான் செய்துகொடுத்தாள். காலையில் அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் போனைத் தட்டினாலும் திணறாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், சரக்கு இருக்கிறதே!

போன மாதம் அந்த மண்டைக்கனத்துக்கு அடி விழுந்தது. பக்கத்துத் தெரு மஹ்பூபி அந்தக் கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைப்பவள். மகளுக்குக் காய்ச்சல் என்று செயலியில் லீவு கேட்டாள். 'பதிவாகிவிட்டது' என்று பச்சையில் வந்தது. நம்பி வீட்டில் இருந்துவிட்டாள். மறுநாள் போனால் அவள் மிஷினில் வேறொருத்தி. சொல்லாமல் நின்றுவிட்டாள் என்று சூப்பர்வைசர் சாமுவேல் அவளைப் பசை தடவும் மேசைக்கு மாற்றியிருந்தார். நல்ல தையல்காரிக்கு அதைவிட அவமானம் வேறென்ன?

மோகனா நிரலைக் குடைந்தாள். லீவைச் சேமிக்கும் வரியில் 'அவெய்ட்' என்ற ஒரு சொல்லை விட்டிருந்தாள். சேமித்து முடியட்டும், அப்புறம் பேசு என்று நிரலைப் பிடித்து நிறுத்தும் சொல் அது. அது இல்லாததால், அன்று சேமிப்பு தோற்றுப்போனதுகூடத் தெரியாமல் பச்சை எழுத்து முந்திக்கொண்டது. நெட்வொர்க் மேல் பழியைப் போட்டிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? போடவில்லை. நேரே கம்பெனிக்குப் போய், "தப்பு என்னுது சார். அவங்க கரெக்டா சொல்லிட்டுதான் நின்னாங்க" என்றாள். மஹ்பூபிக்கு மிஷின் திரும்பக் கிடைத்தது.

நம்பிக்கை அவ்வளவு சுலபமாகத் திரும்பவில்லை. நேற்று மஹ்பூபி மறுபடி லீவு போட்டாள். திருத்திய செயலிதான், பச்சை எழுத்தும் வந்தது. ஆனாலும் போனை எடுத்துக்கொண்டு மோகனா வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். "நெசமாலுமே போய்ச் சேந்துச்சாம்மா?"

சேர்ந்தது என்று தான் சொன்னால் போதாது என்று மோகனாவுக்குப் பட்டது. தன் போனை எடுத்துச் சாமுவேலைக் கூப்பிட்டாள். "சார், மஹ்பூபிக்கா லீவு உங்களுக்கு வந்துச்சா?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் போனை மஹ்பூபியின் காதில் வைத்தாள்.