சம்மனசுக்குக் காவலாக ஒரு கேமரா

திருடனைப் பிடிப்பது போலீஸின் தொழில். திருடனைப் படம் பிடிப்பது என் தொழில். அவர்கள் கோட்டை விட்டால் ‘தேடி வருகிறோம்’ என்று பேப்பரில் போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். நான் கோட்டை விட்டால், சொந்தமாக டிவி இல்லாதவர்கள்கூடச் சுற்றி நின்று கேள்வி கேட்பார்கள். அடுத்தவர் மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பி, ‘இப்பத் தெரியுதா?’ என்று கத்தித் தொண்டை கட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், என் வயிற்றெரிச்சல் அவர்களுக்குப் புரியும்.

எண்பதுகளின் கடைசியில் விழுப்புரத்தில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தேன். மெட்ராஸ் கம்பெனி ஒன்று, காவலுக்குக் கேமரா மாட்டும் வேலையையும் என் தலையில் கட்டியது. பாங்க், நகைக்கடை என்று பெரிய இடமாக வரும் என்று கனவு கண்டேன். வந்ததெல்லாம் பழைய மாதா கோயில்கள்.

ஓப்பன் இருக்கா?

முதல் வேலை திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். கோயில் வெள்ளைக்காரர் காலத்தது. பீடத்துக்கு இரண்டு பக்கமும் மரத்தில் செய்த இரண்டு சம்மனசுகள், அதாவது இறக்கை வைத்த தேவதூதர்கள், இடுப்புயரத்துக்கு நின்றுகொண்டிருந்தன. கப்பலில் வந்தவை என்று ஊருக்கே பெருமை. அதில் இடது பக்கத்துச் சம்மனசு ஒருநாள் காணாமல் போய்விட்டது. பூட்டு உடையவில்லை. ஆகவே சாவி வைத்திருந்த கோயில்பிள்ளை சவரிமுத்துதான் திருடன் என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. பகலெல்லாம் திறந்தே கிடக்கும் கோயிலில் பூட்டை எதற்கு உடைக்க வேண்டும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. மணியடிப்பது, பெருக்குவது, மெழுகுவத்தி ஏற்றுவது, காவல் இருப்பது என்று நாலு ஆள் வேலையை ஒரே ஆளாகப் பார்த்தவர் சவரிமுத்து. ஐந்தாவதாகத் திருட்டையும் அவர் கணக்கிலேயே சேர்த்தார்கள். போலீஸ் விசாரித்து அனுப்பிவிட்டது. ஊர் விடவில்லை.

மிச்சமிருந்த வலது பக்கத்துச் சம்மனசைக் காப்பாற்றத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கோயில் கமிட்டித் தலைவர் ஒரு ரைஸ்மில்காரர். ‘இதுக்குப் பேர் குளோஸ்டு சர்க்யூட் டிவிங்க’ என்று ஆரம்பித்து, கம்பெனி கொடுத்த புத்தகத்தில் இருந்ததை எல்லாம் அவரிடம் ஒப்பித்தேன். கேமரா கண் இமைக்காது, கொட்டாவி விடாது, வெற்றிலைப் பாக்கு வாங்கப் போகாது என்று நானாகவும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலைவர் சொன்னார்: “வாங்கும்போதே குளோஸ் ஆன சாமானை எங்க தலையில கட்டப் பாக்குறியா? ஓப்பன் சர்க்யூட்டு இருந்தா அதக் கொண்டா.”

சுவர்

ஓப்பன் சர்க்யூட் என்றால் கரண்டே ஓடாது என்று அவருக்குப் புரியவைத்து, ஏணி போட்டு ஏறினேன். டிரில்லரைச் சுவரில் வைத்ததுதான் தாமதம், கோயில் பாதிரியாரான பங்குச் சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். அது கடுக்காயும் கருப்பட்டியும் போட்டு அரைத்த சுண்ணாம்புச் சுவராம். அதில் ஓட்டை போடக்கூடாதாம். மரத்தூணில் ஆணி அடிக்கட்டுமா என்றேன். தூண் சுவரைவிடப் பழையதாம். ஜன்னலில் கட்டட்டுமா என்றேன். ஜன்னல் கண்ணாடி பிரான்சிலிருந்து வந்ததாம்.

கடைசியில் திருவிழாப் பந்தலுக்கு வாங்கி மிச்சமிருந்த சவுக்குக் கட்டையைக் கோயிலுக்குள் பின்பக்கம் ஒரு மணல் தொட்டியில் நட்டு வைத்து, அதன் உச்சியில் கயிற்றால் கேமராவைக் கட்டினேன். அந்தக் கேமராவைச் செய்த ஜப்பான்காரன் பார்த்திருந்தால் அழுதிருப்பான். நான் இறங்கும்வரை ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த சாமியார் சொன்னார்: “இத்தினி வருஷத்துல திருடன்கூட இந்தச் சுவத்துல ஓட்டை போட்டதில்லப்பா, காப்பாத்த வந்த நீ போடப் பாத்தியே!”

முகமா, முதுகா?

கேமரா மாட்டிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை சரிபார்க்கப் போனேன். பூசையில் வலது பக்கம் முழுக்கத் திருவிழாக் கூட்டம். இடது பக்கம் ஈ ஓடியது. கேமரா வலது பக்கத்துச் சம்மனசைப் பார்த்து இருக்கிறது என்ற சேதி அதற்குள் நாலு கிராமம் போயிருந்தது. பெட்டியில் கிடந்த பட்டுப்புடவைகள் எல்லாம் வெளியே வந்திருந்தன. சாமியார் காலியான பக்கத்தைப் பார்த்துச் சகோதர அன்பைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். சனமோ கழுத்தைத் திருப்பிச் சவுக்குக் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இது டிவியில் வராது, பக்கத்து அறையில் இருக்கும் பெட்டியில் மட்டும்தான் தெரியும், கேசட்டில் பதிவாகும், அவ்வளவுதான் என்று வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். யாரும் நம்பவில்லை. நிலக்கடலைக் கொல்லையிலிருந்து நேராக வந்த ஒரு அம்மாள் மட்டும் என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டாள்: “மல்லாட்டை புடுங்கற வேலைய வுட்டுட்டு வந்து குந்திகினு இருக்கேன், ஜல்தியா சொல்லு, மூஞ்சி வருதா முதுகு வருதா?”

விழுப்புரத்தில் ஒரு சைக்கிள்

திண்டிவனத்துப் புகழ் பரவி, விழுப்புரத்திலும் ஒரு பழைய கோயிலில் மாட்டச் சொன்னார்கள். அங்கே டிவிப் பெட்டியை ஆபீஸ் ஜன்னலோரம் வைத்துவிட்டார்கள். கோயிலுக்குள் ஒன்றுமே நடக்காததை, ஜன்னலுக்கு வெளியே முப்பது பேர் நின்று மெய்ம்மறந்து பார்த்தார்கள். ஒரு பெரியவர் வந்து முழங்கால் போட்டால், ‘ஆள் வந்துட்டாருடா!’ என்று கைதட்டல் வேறு. அந்தக் கூட்டத்தில் நின்ற பஸ் கண்டக்டர் ஒருவர் திரும்பிப் பார்த்தபோது அவருடைய சைக்கிளைக் காணோம். என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்: “உள்ள ஒரு ஆணிகூட திருடு போவலன்னு பாத்துகினு இருந்தப்பதான்யா என் வண்டி போச்சு!”

கொஞ்சம் திருப்பு

சிரித்தது போதும். இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. திண்டிவனத்துக் கமிட்டித் தலைவர் ஒருநாள் கடைக்கே வந்து, கேமராவைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார். அங்கே என்ன இருக்கிறது என்றேன். சவரிமுத்து உட்காரும் ஸ்டூல் இருந்தது. சம்மனசும் தெரியணும், ஸ்டூலும் தெரியணும் என்றார். கஸ்டமர் சொன்னால் தெய்வம் சொன்ன மாதிரி. ஏணி போட்டுத் திருப்பினேன்.

கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் சவரிமுத்துதான். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், ஒல்லி. நான் இறங்கியதும் கேமராவையும் ஸ்டூலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஸ்டூலைத் தூக்கி, கேமராவுக்கு நன்றாகத் தெரியும்படி நடுவில் போட்டுக்கொண்டு சொன்னார்: “பாக்கட்டும் சார், இந்த ஊர்ல ஒருத்தரும் என் மூஞ்சியப் பாத்துப் பேசி மூணு மாசமாவுது.”

அடுத்த வாரமே அவரிடமிருந்து சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். காவல் வேண்டாம், மணியடித்துவிட்டு வீட்டுக்குப் போனால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் கேட்டதற்குத் தலைவர், கேமரா கொட்டாவி விடாது என்று என் வசனத்தையே எடுத்து விட்டாராம்.

ஊதாத் துணி

தவக்காலம் வந்தது. கிறிஸ்தவர்களுக்குத் தெரிந்த விஷயம், எனக்குத் தெரியாது: ஈஸ்டருக்கு முந்திய இரண்டு வாரம் கோயிலில் உள்ள சொரூபங்களை எல்லாம் ஊதாத் துணியால் மூடிவிடுவார்கள். சம்மனசையும் தலைமுதல் கால்வரை மூடினார்கள். இரண்டு வாரமும் என் கேமரா ஊதாத் துணியைக் கண் இமைக்காமல் காவல் காத்தது. அதுவும் கறுப்பு வெள்ளையில். நடுவில் தினமும் மத்தியானம் கரண்ட் கட். எத்தனை மணிக்குப் போகும், எத்தனை மணிக்கு வரும் என்பது ஊரில் ஆடு மாடுகளுக்குக்கூடத் தெரியும். கரண்ட் போவதற்கு முன்னால் டிவியில் ஒரு மூட்டை தெரிந்தது. வந்த பிறகும் ஒரு மூட்டை தெரிந்தது. எல்லோருக்கும் திருப்தி.

ஈஸ்டருக்கு முந்தின நாள் சனிக்கிழமை மத்தியானம், அன்று ராத்திரி நடக்கும் பாஸ்கா பூசைக்குக் கோயிலை அலங்கரிக்கத் துணியை உருவினார்கள். உள்ளே ஒரு சவுக்குக் கட்டை. அதைச் சுற்றி வைக்கோல். தலைக்குக் கவிழ்த்த மண்சட்டி, இறக்கைக்கு இரண்டு முறம். திருடன் யார் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் வேலை சுத்தமானவன். ஒரு பெண் வாய்விட்டு அழுதாள். சாமியார் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஆள் அனுப்பினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது ஊரே கோயிலில் இருந்தது.

சவரிமுத்து மேல் இப்போது பழி போட முடியாது. சாவி அவரிடம் இல்லை. காவல் வேலை போனதிலிருந்து, கரண்ட் கட் நேரமெல்லாம் அவர் கூலிக்குத் தலைவரின் ரைஸ்மில்லிலேயே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். தலைவரே அதற்குச் சாட்சி. அவர் எல்லோர் முன்னிலும் சாவிக்கொத்தை எடுத்து நீட்டி, ‘தப்பா நெனச்சிட்டோம் சவரி, நீ யோக்கியன்தான், மறுபடி காவலுக்கு வந்துடு’ என்றார். சவரிமுத்து கை நீட்டவில்லை. வைக்கோல் பொம்மையின் சாய்ந்த இறக்கையைச் சரியாக நிமிர்த்தி வைத்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் தலைவரிடம் சொன்னார்: “ஒரு சம்மனசு போனதும் நான் திருடனாயிட்டேன், ரெண்டாவதும் போனாத்தான் நான் யோக்கியனாவேனா? இப்ப காக்கறதுக்கு இங்க இன்னாங்க இருக்குது?”

போலீஸ் வந்து இரண்டு வாரக் கேசட்டையும் போட்டுப் பார்த்ததில், முகம் தெளிவாகத் தெரிந்த ஒரே ஆசாமி, ஏணியில் ஏறிக் கேமராவின் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பல்லைக் காட்டிச் சிரித்த நான்தான்.