பெட்ரோல் மலிவான ஊரில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

அந்த கார் எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் மகளுக்கு மூன்று வயது முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவள் பேசிய சொற்கள் ஆறு. காருக்கும் ஆறு கியர். இரண்டுமே முழுதாகப் புழக்கத்துக்கு வரவில்லை.

காரை விற்றவர் மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி அந்தமானுக்கு வந்திருந்த ஓர் அதிகாரி. மறுபடி மாற்றல் வந்தது. கப்பலில் திருப்பி அனுப்புவதைவிட இங்கேயே தள்ளிவிடுவது நல்லது என்று புரிந்துகொண்ட புத்திசாலி. வாங்கியவரும் புத்திசாலியாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் ஏதுமில்லை. வாங்கியவர் என் கணவர். ஹேடோ துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கும் ஒப்பந்த வேலை செய்கிறார். இந்தத் தீவில் பிறந்து வளர்ந்தவர். நான் கல்யாணம் ஆகி விருதுநகரிலிருந்து வந்தவள், எம்.எஸ்சி., பி.எட். எதையும் எடுத்தெறிந்து பேசாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டதால் அந்தப் படிப்பு பெரும்பாலும் எனக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கும்.

ஜங்லிகாட்டில் எங்கள் மாடி வீட்டுக்குக் கீழே கார் வந்து நின்றது. மஞ்சள் நிறம். தரையோடு தரையாகப் படுத்திருந்தது. இரண்டு கதவுகள். பின்னால் இருக்கை என்ற பெயரில் ஒரு பள்ளம். அதில் உட்காரும் அளவு எங்கள் வீட்டில் என் மகளுக்கு மட்டுமே இருந்தது.

"லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?" என்று கேட்டேன்.

கோவிலுக்குள் செருப்போடு நுழைந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்து அதைக் கேக்கக் கூடாதும்மா."

"சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்."

"மெயின்லேண்ட் ஹைவேல பத்து குடுக்கும்."

"இங்க?"

"இங்க ஹைவே எங்க இருக்கு?"

அது உண்மைதான். ஜங்லிகாட் கடைத்தெருவில் ஆட்டோவும் ஸ்கூட்டரும் விட்டுக்கொடுத்தால்தான் கார் நகரும். அதைத் தாண்டினால் வேகத்தடை. வேகத்தடையில் அடி இடிக்காமலிருக்க இவர் காரைக் குறுக்காக, நண்டு மாதிரி ஏற்றி இறக்குவார். அதையும் தாண்டினால் புரோத்ராபூர் பக்கம் கொஞ்சம் நேர் சாலை உண்டு. அங்கே மாடுகள் இருக்கும். ஆக, மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் ஓடத் தெரிந்த அந்த வண்டி எங்கள் கையில் இரண்டாவது கியரில் உறுமியபடியே காலம் தள்ளியது. இரண்டாவது கியரில் லிட்டருக்கு நாலு கொடுத்தது. காய்கறி வாங்கிவர அதில் போனால், காயைவிடப் போய்வந்த பெட்ரோல் விலை அதிகம்.

ஆனால் என் கணவரிடம் இதற்கெல்லாம் சேர்த்து ஒரு பதில் இருந்தது. அந்தமானில் பெட்ரோல் விலை மெயின்லேண்டைவிடக் குறைவு. இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். மற்றவர்கள் தெரிந்துகொண்டு ஸ்கூட்டரில் போகிறார்கள். இவர் அதிலிருந்து ஒரு பொருளாதாரக் கொள்கையே உருவாக்கிவிட்டார்.

"இதே காரை சென்னைல வச்சிருந்தா என்ன செலவாகும், யோசிச்சுப் பாரு. ஒவ்வொரு லிட்டருக்கும் நமக்கு மிச்சம்."

"அப்ப நெறைய ஓட்டினா?"

"நெறைய மிச்சம்."

கேலிக்குத்தான் கேட்டேன். அவர் சிரிக்காமல் பதில் சொன்னார். அன்றிரவு நான் படுத்தபடி யோசித்தேன். ஒருவேளை அவர் சொல்வதில் ஏதாவது இருக்கிறதோ என்று. எனக்கு அந்த வியாதி உண்டு. யாராவது உறுதியாகச் சொல்லிவிட்டால் இரண்டும் இரண்டும் நாலா என்பதில்கூடச் சந்தேகம் வந்துவிடும்.

மகள் விஷயத்திலும் அதே கதைதான். அவள் ஏன் பேசவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு நாளைக்கு ஒரு காரணம் இருந்தது. நான் அதிகம் பேசுவதால் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. இல்லை, நான் போதுமான அளவு பேசவில்லை. வீட்டில் தமிழ், வாசலில் இந்தி, கைப்பேசியில் ஆங்கிலம், கீழ் வீட்டில் தெலுங்கு, குழந்தை குழம்பிவிட்டது. இதை நம்பி ஒரு மாதம் வாசலில் யாரிடமும் இந்தி பேசாமல் இருந்தேன். எனக்குத் திமிர் என்ற பெயர் கிடைத்தது. மகள் ஏழாவது சொல்லைச் சொல்லவில்லை.

குழந்தை மருத்துவர் நிதானமாகப் பார்த்துவிட்டு, "பயப்பட ஒண்ணும் இல்ல. ஆனா மெயின்லேண்ட் போய்க் காதை ஒருக்கா டெஸ்ட் பண்ணிடுங்க. தள்ளிப் போடாதீங்க" என்றார். பல்வலி முதல் பத்திரப்பதிவு வரை இங்கே யார் எதற்கு வழி கேட்டாலும் 'மெயின்லேண்ட்' என்ற அந்த ஒரு சொல்தான் பதிலாக வரும் என்பதால், என் கணவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "என்னையும் அப்படித்தான் சொன்னாங்களாம். நாலு வயசுலதான் பேசினேன். இப்ப நிறுத்த முடியுதா?" என்றார். அதில் எனக்கு மறுப்பு இல்லை.

சென்னைப் பயணத்துக்கென்று ஒதுக்கிய பணம் இருந்தது. அதில் முதல் மாதம் காருக்கு டயர் வந்தது. அடுத்த மாதம், சாதாரண பெட்ரோல் இந்த இன்ஜினுக்குச் சேராது, அதில் கலக்க ஒரு திரவம் வேண்டும் என்று யாரோ சொல்ல, அது சென்னையிலிருந்து கப்பலில் சின்னச் சின்ன புட்டிகளாக வந்தது. என் மகள் சென்னைக்குப் போக வேண்டிய தொகையில் அந்தப் புட்டிகள் சென்னையிலிருந்து வந்து இறங்கின. தொட்டில் குழந்தைக்கு மருந்து புகட்டுவதுபோல் இவர் அளந்து ஊற்றுவதை நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். "அடுத்த மாசம் கண்டிப்பா போறோம்" என்பார், நிமிராமலே. நானும் சரி என்பேன். சரி என்று சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று மறுநாள் வரை யோசிப்பேன்.

நாலு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்றால் வாழ்க்கையில் பாதி பெட்ரோல் பங்கில் கழியும். எங்களுக்கு அப்படித்தான் கழிந்தது. மகள் பின்பள்ளத்திலிருந்து எழுந்து என் மடிக்கு வந்து, கண்ணாடி வழியே வேடிக்கை பார்ப்பாள். பெட்ரோல் போடுபவர் வயதான வங்காளி; எல்லோருக்கும் தாதா, வங்காளியில் அண்ணன். ஒவ்வொரு முறையும் குழாயைச் செருகுமுன் மீட்டரைக் காட்டி, கண்ணாடி அருகே குனிந்து, "ஜீரோ தேக்கோ, பாபி" என்பார். எண் சுழியத்தில் நிற்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணி என்று அர்த்தம். நான் பார்த்தேன் என்று தலையாட்டுவேன். மகளும் ஆட்டுவாள்.

மழைக்காலத்தில் ஒருநாள் எண்ணெய்க் கப்பல் வரத் தாமதம் என்று பேச்சுக் கிளம்பியது. பாதி ஜங்லிகாட் பங்கில் வரிசையில் நின்றது. நாங்களும் நின்றோம். கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு, இன்ஜினை அணைக்காமல். பெட்ரோலுக்காகக் காத்திருந்த அந்த ஒரு மணி நேரத்தில் கையிலிருந்த பெட்ரோலையும் எரித்து முடித்துவிடுவோம் போலிருந்தது.

"அணைச்சு அணைச்சுப் போட்டா இன்னும் ஜாஸ்தி குடிக்கும்" என்றார் இவர். முன்னால் நின்ற ஸ்கூட்டர்காரர்கள் எல்லோரும் அணைத்து, காலால் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு இந்த நுட்பம் தெரியவில்லை.

எங்கள் முறை வந்தது. தாதாவுக்கு அன்று மூச்சுவிட நேரமில்லை. ஒன்றும் சொல்லாமல் மூடியைத் திறந்து குழாயைத் தூக்கினார். நான் பணம் நீட்டக் கண்ணாடியை இறக்கினேன். என் மடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"தாதா, ஜீரோ திகாவோ."

சுழியத்தைக் காட்டு. ஒருவரை அழைத்து, ஒரு பொருளைச் சொல்லி, ஒரு கட்டளை இட்டிருந்தாள். 'அ' எழுதிய அட்டையை ஓராண்டு நீட்டியும் வாய் திறக்காதவள், பெட்ரோல் பங்கில், இந்தியில், நுகர்வோர் உரிமையைக் கேட்டாள்.

தாதா குழாயை இறக்கினார். மழையில் நனைந்தபடி குனிந்து, மீட்டரைக் கையால் துடைத்து, "ஜீரோ ஹை, பேட்டி. டீக் ஹை?" என்று, சுழியம்தான் மகளே, சரியா என்று கேட்டார். அவள் தலையாட்டிய பிறகுதான் பெட்ரோல் போட்டார். பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். நான் அழுதுகொண்டிருந்ததால் எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

வீடு வரும் வழியெல்லாம் இவர் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே வந்தார். "பாத்தியா? காரு வாங்கினதுனாலதான் பேச்சு வந்துச்சு. டாக்டர் ஃபீஸு மிச்சம். சென்னை டிக்கெட்டு மிச்சம். இனி எதுக்கு அங்க போகணும்?"

நான் தலையாட்டி வைத்தேன். சந்தோஷமான நேரத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்பவள் என்ற பெயர் வேண்டாம் என்று நினைத்தேன். அதோடு, அவர் சொல்வது சரியாகவே இருந்தால்? மூன்று சொல் பேசிவிட்டாள். இனி என்ன?

வீட்டுக்கு வந்ததும் அவள் தரையில் உட்கார்ந்து பொம்மைகளைப் பரப்பினாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். சமையலறைக்குப் போய் ஒரு தட்டையும் கரண்டியையும் எடுத்துவந்து தட்டினேன். திரும்பினாள். விளையாட்டில் கவனமோ என்று மறுபடி காத்திருந்து, மெதுவாகத் தட்டினேன். திரும்பவில்லை. பத்து முறை தட்டியிருப்பேன். ஒவ்வொரு முறையும் என்னையே சந்தேகப்பட்டேன். ஆனால் தாதா பேசும்போதெல்லாம் அவள் மீட்டரைப் பார்த்ததில்லை, அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

அடுத்த வாரம் மறுபடி பங்க். இவர் வழக்கம்போல், "தாதா, ஃபுல்" என்றார்.

"வேணாம்" என்றேன்.

"என்ன வேணாம்?"

"ஃபுல் வேணாம். தாதா, பஸ். மத் டாலோ." போதும், போடாதீர்கள். ஒரு மாத மௌன விரதத்தால் துருப்பிடித்திருந்த என் இந்தி அவருக்குப் புரிந்தது. அவர் குழாயோடு நின்று எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா, இங்க வந்து..." என்றார் இவர் தணிந்த குரலில்.

"இவளுக்குக் காது சரியாக் கேக்கலைங்க. நான் டெஸ்ட் பண்ணிட்டேன்."

"நீயா? எதுல?"

"கரண்டில."

அவர் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. தாதா பெட்ரோல் மூடியைத் தானே திருகி மூடிவிட்டு, "பாபி டீக் போல்தீ ஹை, அண்ணா. சலோ, லைன் பஹுத் ஹை" என்று காரின் முதுகில் ஒரு தட்டு தட்டினார். அண்ணி சொல்வது சரி, கிளம்புங்கள், பின்னால் வரிசை நிற்கிறது. அந்த வாரமே டிக்கெட் போட்டோம். கார் ஒரு மாதம் வீட்டுக்குக் கீழே பட்டினி கிடந்தது.

சென்னையில் இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருக்கிறது என்றார்கள். "தண்ணிக்குள்ள இருந்துகிட்டு வெளில பேசறதைக் கேக்கற மாதிரி. அவ்வளவுதான் இவளுக்குக் கேட்டிருக்கும்" என்றார் மருத்துவர். சின்ன சிகிச்சை, நீரை எடுத்துவிட்டார்கள். அந்த உறுமும் இன்ஜினுக்குப் பக்கத்தில் அவள் நிம்மதியாகத் தூங்கியதை, என்ன சமத்துக் குழந்தை என்று நான் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். பிறகு எண்ணுவதை நிறுத்தினேன்.

இவர் தீவுக்குத் திரும்ப, விருதுநகரில் என் அம்மா வீட்டில் நானும் மகளும் மூன்று வாரம் இருந்தோம். மகள் குக்கர் விசிலுக்கு ஓடினாள். மின்விசிறியை அண்ணாந்து பார்த்து "கத்துது" என்றாள். காக்கையோடு சண்டை போட்டாள். சொற்களை எண்ணுவதையும் விட்டுவிட்டேன்.

நாங்கள் திரும்பி வந்த அன்று இவர் காரைக் கழுவி, பளபளவென்று விமான நிலையத்துக்குக் கொண்டுவந்திருந்தார். மகள் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். தூக்கிக் கொஞ்சி, பின்பள்ளத்தில் உட்கார வைத்து, பெல்ட் போட்டு, சாவியைத் திருப்பினார். இன்ஜின் உறுமியது.

அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். இவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். அலறல் குறையவில்லை.

"அப்பா, கத்துது. கார் வேணாம்" என்றாள். தெளிவான தமிழில்.

அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லிக்கொடுத்திருப்பேனோ என்று ஒரு நொடி நினைத்தார் போலிருந்தது. நானும் ஒரு நொடி யோசித்தேன், அப்படி ஏதாவது சொல்லிக்கொடுத்துவிட்டேனோ என்று. இல்லை.

சாவியைத் திருப்பி அணைத்தார். பிறகு பின்னால் திரும்பினார். முதுகுக்குப் பின்னால் நின்று காதைச் சோதிப்பவர்போல் மிக மெதுவாக, அவளிடம்தான் கேட்டார், என்னிடம் இல்லை:

"ஆட்டோ கூப்பிடவாடா?"

அவள் காதிலிருந்து கையை எடுத்தாள். "கூப்பிடு" என்றாள்.